தையல், கணக்கு, டியூஷன்: மூன்றையும் ஒரே ஆள் எப்படிப் பிரித்துக்கொள்வது?

பகலில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பது, நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது, சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வீட்டிலிருந்தபடியே இப்படி இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து இழுக்கும் பெண்கள் ஏராளம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் கைப்பழக்கமான வேலைதான். மூன்றும் ஒரே தலைக்குள் சேரும்போதுதான் ராத்திரி படுத்த பிறகும் ஹூக் வைக்காத ஜாக்கெட்டும் போடாத பில்லும் கண்முன் வந்து நிற்கின்றன.

இதற்கு நாலு வழிகள் உண்டு. வாரத்தின் நாட்களைப் பிரிக்கலாம். ஒவ்வொரு நாளின் மணிகளைப் பிரிக்கலாம். பருவத்துக்கு ஒரு வேலையை முன்னால் வைக்கலாம். ஏதாவது ஒன்றைக் குறைக்கலாம் அல்லது கைமாற்றலாம். ஐந்தாவதாக, எல்லோரும் இப்போது இருக்கும் நிலை: வந்தது வந்தபடி செய்வது. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பது வேலை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, ஒவ்வொரு வேலையும் எதற்குக் கட்டுப்பட்டது என்பதில்தான் இருக்கிறது.

டியூஷன் மணிக்குக் கட்டுப்பட்டது. ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், தள்ளிப்போட முடியாது. ஆனால் ஏழு மணிக்கு அது முடிந்துவிடும், மனதில் மிச்சம் வைக்காது. கணக்கு தேதிக்குக் கட்டுப்பட்டது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் கடைக்கு, விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் அடுத்த மாதம் 11ஆம் தேதி, சுருக்கக் கணக்கு காட்டி வரி கட்டும் 3பி படிவம் 20ஆம் தேதி. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தையல் ஆளுக்குக் கட்டுப்பட்டது. "வெள்ளிக்கிழமை தந்துடறேன்க்கா" என்று சொன்ன வாக்குதான் அதன் கெடு. அபராதம் எதுவும் கிடையாது. அதனாலேயே மூன்றில் முதலில் தள்ளிப்போவது அதுதான். தள்ளிப்போன பிறகு போனை எடுக்கப் பயப்பட வைப்பதும் அதுதான்.

முதலில் மணிக்கணக்கு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். இதைப் போடாமல் கால அட்டவணை எழுதியவர்கள் இரண்டாவது வாரத்திலேயே அதைக் கிழித்துப் போடுகிறார்கள்.

சமையலும் வீட்டு வேலையும் போகக் காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 4.30 வரை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி, திங்கள் முதல் சனி வரை 33 மணி. டியூஷன் வாரத்துக்கு 10 மணி தனி. இந்த 33 மணியையும் நிரப்பக் கூடாது. 80 சதவீதம், அதாவது 26 மணிக்குத்தான் வேலை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அது ஏன் 80? வேலை ஒழுங்கற்று வந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பிடிக்கிற இடத்தில் காத்திருப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை. ரேஷன் கடையில் கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் வரிசை திடீரென்று தெருவுக்கு நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். எளிமையான வரிசைக் கணக்கின்படி, நேரம் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் வேலை சராசரியாக நாலு வேலைக்கான நேரம் காத்திருக்கும். 90 சதவீதத்தில் ஒன்பது. 95 சதவீதத்தில் பத்தொன்பது. ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு இரண்டரை மணி என்றால், 80இல் 10 மணி நேரக் காத்திருப்பு, 95இல் 47 மணிக்கும் மேல். அது உங்களுடைய ஒன்றரை வாரம். கொஞ்சம்தான் கூடுதலாக ஒப்புக்கொண்டோம், எப்படி இவ்வளவு பின்தங்கினோம் என்று பலர் தங்களையே நொந்துகொள்வார்கள். குறை சோம்பலில் இல்லை, அந்தக் கடைசி மூன்று நாலு மணி நேரத்தில் இருக்கிறது.

26 மணியில் நாலு கடைகளுக்கு பில் பதிவு வாரம் 4 மணி, டியூஷனுக்கான தயாரிப்பு 2 மணி போனால் தையலுக்கு 20 மணி. இரண்டரை மணி வீதம் 8 ஜாக்கெட். ஜி.எஸ்.டி.ஆர்-1 வாரத்திலும் 3பி வாரத்திலும் தாக்கலுக்கு இன்னும் நாலு மணி போகும், தையலுக்கு 16தான் மிஞ்சும். 6 ஜாக்கெட். ஆக மாதத்துக்கு 28. இந்த எண் உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம், ஆனால் ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். வாரம் 12 ஜாக்கெட் வாங்கினால் தையலுக்கே 30 மணி, மற்றவற்றோடு 36. குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே 33ஐத் தாண்டிவிட்டது.

வந்தபடி செய்வது

இதன் ஒரே நன்மை, கேட்டவர் உடனே திருப்தியடைவது. கேடு என்னவென்றால் எந்த வேலையும் முடியாமலே இன்னொன்று தொடங்குவது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது இதைத்தான்: ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புதிய வேலையின் தரம் குறையும். 2008இல் குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையில், இடையூறு பட்டவர்கள் வேலையை மெதுவாக அல்ல, வேகமாகவே முடித்தார்கள். ஆனால் அந்த வேகத்துக்கு விலையாக மன அழுத்தமும் எரிச்சலும் கூடின. நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தும் ராத்திரி சிடுசிடுப்பாக இருப்பதன் விளக்கம் பெரிதும் இதில் இருக்கிறது. மாதம் நாலைந்து ஜாக்கெட் மட்டும் தைப்பவர்களுக்கு இந்த முறை போதும். மற்றவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை, வேறு எதையும் தேர்ந்தெடுக்காததால் இதில் நிற்கிறார்கள்.

நாளைப் பிரிப்பதா, மணியைப் பிரிப்பதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நாள் பிரிப்பு தையலுக்கு மிகவும் உகந்தது. தையலில் வேலையைவிட அதன் முன்தயாரிப்பு நேரம் தின்னும். மேசையைக் காலி செய்து, துணி விரித்து, அளவு ஜாக்கெட்டைத் தேடி எடுத்து, நூல் மாற்றி, பாபின் சுற்றி உட்காரவே 15, 20 நிமிடம் போகும். அதை வாரத்தில் பத்து முறை செய்வதற்குப் பதில் மூன்று முறை செய்தால் இரண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது. திங்கட்கிழமை எட்டு ஜாக்கெட்டையும் ஒரே மூச்சில் வெட்டிவிடலாம். லைனிங் துணியை ஞாயிறு இரவே நனைத்துக் காயப்போட்டிருந்தால்தான் இது நடக்கும். நனைக்காத காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கி மேல்துணியை இழுத்துக் கெடுக்கும், அந்த ஆல்டரேஷன் அடுத்த வாரத்தின் ஒரு மணியைத் தின்னும். வெட்டிய துண்டுகளை ஜாக்கெட்டுக்கு ஒரு கவராகப் போட்டு, பெயரும் தரவேண்டிய தேதியும் எழுதிய சீட்டை ஊசி குத்தி வைக்க வேண்டும். பிறகு தேதி வரிசையில் மட்டும் போகாமல், ஒரே நிற நூலுக்கு வருவதை அடுத்தடுத்துத் தைத்தால் நூல் மாற்றுவது பாதியாகும்.

நாள் பிரிப்பு தடுமாறுவது கணக்கில். புதன்கிழமை முழுவதும் கணக்கு என்று வைத்தால், 11ஆம் தேதி செவ்வாயில் விழும் மாதம் சிக்கல். அதற்கு முந்தைய புதன் 5ஆம் தேதி. அன்றைக்குப் பாதிக் கடைகளிலிருந்து பில்லே வந்திருக்காது. 20 செவ்வாயில் விழுந்தாலும் அதே கதை: கொள்முதல் வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதிதான் உருவாகும், அதுவே அந்தப் புதன். மாலைக்குள் எல்லாம் ஒத்துப்போய்விட்டால் சரி, இல்லாவிட்டால் மிச்சம் 20 ராத்திரிக்குப் போகும். கடைசி நாள் ராத்திரி ஜி.எஸ்.டி. இணையதளம் எவ்வளவு மெதுவாக இருக்கும் என்று தாக்கல் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் கணக்குக்கு ஒரு முழு நாள் வேண்டாம், இரண்டு அரை நாள் வையுங்கள்: செவ்வாய் காலை, வெள்ளி காலை. நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். 8 முதல் 11 வரையுள்ள நாலு நாட்களுக்குள் எந்த மாதமானாலும் ஒரு செவ்வாயோ வெள்ளியோ வந்தே தீரும். 14 முதல் 20 வரையுள்ள ஏழு நாட்களில் இரண்டுமே வரும். இந்தச் சின்ன மாற்றம் கெடு எந்தக் கிழமையில் விழுந்தாலும் உங்கள் வாரத்தைக் குலைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு மறைந்த முடிச்சு, ஓ.டி.பி. தனிநபர் கடைகளில் தாக்கலை உறுதி செய்யும் எண் கடைக்காரரின் போனுக்குத்தான் போகும். அவர் கல்லாவில் கூட்டமாக இருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஓ.டி.பி. கேட்பேன் அண்ணா" என்று முன்தினமே சொல்லிவைத்தால் இந்தக் காத்திருப்பு ஐந்து நிமிடத்தில் முடியும். சொல்லாமல் விட்டால் அரை நாள் போகும். நாலு கடைக்கும் பத்து நிமிட இடைவெளியில் நேரம் கொடுங்கள்.

மணிப் பிரிப்பு என்றால் தினமும் காலை தையல், மதியம் கணக்கு, சாயங்காலம் டியூஷன். இதன் பலம், ஒரு நாள் பறிபோனாலும் ஒவ்வொரு வேலையிலும் ஆறில் ஒரு பங்குதான் போகும். நாள் பிரிப்பில் வெட்டும் திங்கட்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் வாரத் தையலே சாயும். உடம்புக்கும் இது நல்லது. ஐந்தரை மணி நேரம் மெஷினில் குனிந்தே இருந்தால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும்.

இதன் பலவீனம் துண்டு சின்னதாகிவிடுவது. 45 நிமிடத் துண்டில் லைனிங் ஜாக்கெட்டின் கை ஏற்ற முடியும், கழுத்து திருப்ப முடியாது. கணக்கில் ஒரு கடையின் கொள்முதல் பில்லை 2பியோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்தால், அடுத்த நாள் எதைச் சரிபார்த்தோம், எதை விட்டோம் என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க நேரும். 90 நிமிடத்துக்குக் குறைந்த துண்டை இந்த இரண்டு வேலைக்கும் ஒதுக்குவது வீண். ஹெம்மிங், ஹூக், புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, டியூஷன் நோட்டு திருத்துவது இவை மட்டும் 20 நிமிடத் துண்டிலும் அடங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்த நாளுக்கும் இந்தக் கைவேலைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தீர்ப்பு இது. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்து நாள் எப்போது வேண்டுமானாலும் பறிபோகலாம் என்றால் மணிப் பிரிப்பு, காலை மூன்று மணியை மட்டும் வெட்டாத ஒரே துண்டாகக் காப்பாற்றிக்கொண்டு. வீட்டு நிலைமை ஓரளவு சீராக இருந்து, வருமானத்தில் பாதிக்கு மேல் தையலில் வருகிறது என்றால் நாள் பிரிப்பு, செவ்வாய் வெள்ளிக் காலைகளைக் கணக்குக்கு விட்டு. இரண்டையும் கலந்து ஒரு வாரம் அப்படி, ஒரு வாரம் இப்படி என்று போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொடுத்த தேதி எதுவுமே அதில் நிற்காது.

பருவம் பார்த்து முன்பின் வைப்பது

ஆடியில் கல்யாணம் இல்லை. தையல் கொஞ்சம் ஓயும், ஆனால் ஆடித் தள்ளுபடியில் வாங்கிய புடவைகளெல்லாம் மாதக் கடைசியில் ஆவணி முகூர்த்தத்துக்காக மொத்தமாக வந்து இறங்கும். மார்கழியிலும் அப்படியே, பின்னால் தை. டியூஷனுக்கு செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் கடைகளுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் 13ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, தமிழ்நாட்டில் 22ஆம் தேதி 3பி.

இவற்றை ஒரே நாட்காட்டியில் மூன்று நிறப் பேனாவில் குறித்தால் இரண்டு இடங்களில் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது தெரியும். ஒன்று மார்ச் கடைசி, ஏப்ரல்: பொதுத்தேர்வு, நிதியாண்டு முடிவு, சித்திரைக் கல்யாணங்கள். மற்றொன்று செப்டம்பர் நடுவிலிருந்து தீபாவளி வரை. மன அழுத்தம் வருடம் முழுக்கச் சமமாக இருப்பதில்லை, இந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் குவிகிறது. எனவே பருவப் பிரிப்பைத் தனி வழியாக எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன இரண்டில் ஒன்றோடு சேர்த்துக்கொள்வதே சரி. தீபாவளிக்கு 15 நாள் முன்னால் புது ஆர்டரை நிறுத்துவது, அந்தத் தேதியை ஒரு மாதம் முன்பே வாசலில் எழுதி ஒட்டுவது, பிப்ரவரிக்குப் பிறகு டியூஷனில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்காதது போன்றவை. வருமானம் ஒரு மாதம் குறைந்து ஒரு மாதம் கூடும். ஒரு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இல்லாமல் ஆர்டரை நிறுத்தத் துணிய முடியாது என்பதும் உண்மை. அது சேரும் வரை நிறுத்துவதற்குப் பதில் அட்வான்ஸை உயர்த்திப் பாருங்கள். அட்வான்ஸ் கேட்டதுமே அவசரமில்லாதவர்கள் தாங்களாகவே தீபாவளிக்குப் பிறகு வருவார்கள்.

எதை விடுவது?

மணிக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. உதாரணத்துக்கு, லைனிங் ஜாக்கெட் கூலி 400 ரூபாய். லைனிங், நூல், ஹூக் 100 போக 300. தைக்க இரண்டரை மணி, அளவெடுத்து, பேசி, சின்ன ஆல்டரேஷன் செய்ய அரை மணி. மணிக்கு 100 ரூபாய். ஒரு கடைக் கணக்குக்கு மாதம் 1,500. பதிவும் தாக்கலும் 6 மணி, பில் கேட்டுப் போன் செய்து அலைவது ஒன்றரை மணி. மணிக்கு 200. டியூஷன் எட்டுப் பிள்ளைகள், தலைக்கு 500, மாதம் 4,000. தயாரிப்போடு மாதத்துக்கு 52 மணி. மணிக்கு 77.

இதைப் பார்த்ததும் டியூஷனை விட்டுவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். டியூஷன் பணம் மாதத்தின் முதல் வாரத்திலேயே வரும், துணியோ கரண்டோ அதற்குத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு மணிக்குப் பிறகு அது தலைக்குள் தொடர்ந்து வராது. எட்டுப் பிள்ளைகளைப் பத்தாக்கினால் நேரம் கூடாமல் வருமானம் மட்டும் கூடும். தையலில் அது முடியாது, ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் அதே இரண்டரை மணி வேண்டும்.

பெரும்பாலும் விட வேண்டியது ஒரு வேலையை அல்ல, ஒரு வாடிக்கையாளரை. நாலு கடைகளில் ஒன்று 10ஆம் தேதி ராத்திரி மஞ்சள் பையில் பில்லைக் கட்டிக் கொண்டுவந்து தரும். மற்ற மூன்று கடைகளும் சேர்ந்து தராத பதற்றத்தை அது ஒன்றே தரும். அவரை விடுவதற்கு முன் இரண்டு படிகள் உண்டு. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்குள் இருந்து, பெரும்பாலும் நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்கிற கடை என்றால் காலாண்டுத் தாக்கலுக்கு மாற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு 24 தாக்கல் 8 ஆகக் குறையும். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும், அதை மறந்தால் வட்டி விழும். ஏப்ரலில் தொடங்கும் காலாண்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் காலம் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை. மற்ற காலாண்டுகளுக்கும் இதே இடைவெளி. இரண்டாவது படி, 5ஆம் தேதிக்குப் பிறகு வரும் பில்லுக்குக் கூடுதல் கட்டணம் என்று சொல்லி, அடுத்த மாதமே அதை வாங்குவது. இரண்டுக்கும் ஒத்துவராதவரை, மார்ச் கணக்கை முடித்துக் கையில் கொடுத்து, மரியாதையாக விடைபெறலாம். நடுவில் விட்டால் பழைய மாதச் சந்தேகங்களுக்கு ஆறு மாதம் போன் வரும்.

கைமாற்றுவதற்கு மூன்றில் தையலே எளிது. ஹெம்மிங்கும் ஹூக்கும் ஒரு ஜாக்கெட்டுக்கு 35 நிமிடம் பிடிக்கிறது என்றால், எட்டு ஜாக்கெட்டுக்கு வாரம் நாலரை மணிக்கும் மேல். பக்கத்து வீட்டில் கைவேலை தெரிந்தவருக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தால் அந்த நேரம் அப்படியே மீளும். ஆரம்பத்தில் நாலு மட்டும் கொடுங்கள். நூல் நிறத்தை நீங்களே வெட்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள், வராது என்று நினைக்கிற தவறு பெரும்பாலும் நூல் நிறத்தில்தான் வரும். கழுத்துத் திருப்புவதும் கை ஏற்றுவதும் உங்கள் கையில் இருக்கட்டும், ஆட்கள் உங்களிடம் வருவதே அதற்காக. கணக்கில் பில் பதிவைக் கொடுக்கலாம், தாக்கலைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் தவறு வந்தால் கடைக்காரர் உங்களைத்தான் கேட்பார். டியூஷனைக் கைமாற்றினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

எந்த வழியிலும் தேவைப்படும் மூன்று பழக்கங்கள்

ஒரு வேலையிலிருந்து எழும்போது ஒரு சீட்டு எழுதுங்கள். எங்கே நிறுத்தினேன், அடுத்து கை வைக்க வேண்டியது எது, இரண்டே வரி. "பச்சை ஜாக்கெட், இடது கை ஏற்றியாச்சு, வலது கைக்கு நாட்ச் பார்க்கணும்." லெராயும் தெரசா க்ளோம்பும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திரும்பி வந்து தொடங்குவதற்கான குறிப்பை எழுதிவிட்டுப் போனவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் சிதறுவது குறைந்தது. ஒரு நிமிடம்தான் ஆகும். சீட்டை மெஷின் மேல் வையுங்கள், போனில் எழுதினால் அதைத் திறக்கும்போதே ஐந்து வாட்ஸ்அப் செய்தி கண்ணில் படும்.

வாட்ஸ்அப் இரண்டாவது. 124 பேரை வைத்து குஷ்லெவ், டன் இருவரும் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. மின்னஞ்சலை நாளைக்கு மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில், நினைத்தபோதெல்லாம் பார்த்த வாரத்தைவிட அவர்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது. அது மின்னஞ்சல்தான் என்றாலும், டிசைன் படமும் பில் படமும் வந்து கொட்டுகிற போனுக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும். 9.45, 1.15, 7.15 என்று வைத்துக்கொண்டு, "காலை 10 முதல் 1 வரை மெஷினில் இருப்பேன், அவசரமென்றால் கால் பண்ணுங்கள்" என்று நிலைச் செய்தியில் போட்டுவிடுங்கள். உண்மையாகவே அவசரமாக இருப்பவர் அழைப்பார், அவர்கள் சொற்பம்.

மூன்றாவது படுக்கப்போகும் முன். பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கலின் குழு 2018இல் 57 பேரிடம் செய்த சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது. ஆகவே "கணக்கு" என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள். "மளிகைக் கடை, செப்டம்பர் கொள்முதலில் மூன்று பில் விட்டுப்போயிருக்கிறது, காலையில் கேட்கணும்" என்று எழுதுங்கள்.

ஓர் எல்லையும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கில், வாரம் 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். மேலே போட்ட கணக்கில் டியூஷனோடு 43 மணி. ராத்திரி ஒரு மணி வீதம் ஆறு நாள், ஞாயிறு ஆறு மணி என்று சேர்த்தாலே 55. அந்தக் கோட்டுக்கு மேல் எந்தப் பிரிப்பும் உதவாது, வேலையைக் குறைப்பது ஒன்றே வழி. நேரத்தைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதை அட்டவணைக் கோளாறு என்று நினைத்து இழுத்தடிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் அந்த எண் அல்ல, உடனே 108.

தேர்ந்தெடுத்த வழியை 21ஆம் தேதி தொடங்குங்கள். இரண்டு கெடுவும் முடிந்து அடுத்த 11க்கு மூன்று வாரம் இருக்கும், தடுமாறினாலும் அபராதம் வராது. அக்டோபரிலோ மார்ச்சிலோ தொடங்க வேண்டாம். நாலு வாரம் மாற்றாமல் ஓட்டி, தினமும் ராத்திரி எழுதும் தாளின் ஓரத்தில் ஒரே ஓர் எண்ணைக் குறியுங்கள்: சொன்ன தேதி தாண்டி இன்றைக்குக் கையில் இருக்கும் ஜாக்கெட் எத்தனை? நாலாவது வாரக் கடைசியில் அந்த எண் இரண்டுக்குள் நின்றால் வழி சரி. ஏறிக்கொண்டே போனால் வழியை மாற்றுவதற்கு முன், வாரத்துக்கு எட்டு என்பதை ஏழாக்கி இன்னும் நாலு வாரம் பாருங்கள்.